இருமலா? முதலில் நாள்களை எண்ணுங்கள்

இரவு மணி இரண்டு. வீட்டில் ஒருவருக்கு இருமல் நிற்கவில்லை. பாட்டி எழுந்து சமையலறையில் மிளகையும் கருப்பட்டியையும் தேடுகிறார். அப்பா, போன மாதம் பிள்ளைக்குக் கிளினிக்கில் கொடுத்த சிரப் மிச்சம் இருக்கிறதா என்று குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். காலையில் பக்கத்து வீட்டுக்காரர், "எனக்குக் கொடுத்த ஆண்டிபயோட்டிக் நாலு மாத்திரை பாக்கி இருக்கு, போட்டுப் பாருங்க" என்கிறார். மூவரும் அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் மூவரில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்த இருமல் தொடங்கி எத்தனை நாளாயிற்று?

இருமலைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை. வீட்டு வைத்தியம் போதுமா, மருத்துவரிடம் போக வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான பதிலே முடிவு செய்கிறது.

இருமல் நோயா?

இருமல் தனியாக ஒரு நோயன்று. அது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. மூச்சுக் குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் மெல்லிய சளிப் படலம் ஒன்று படர்ந்திருக்கிறது. நாம் இழுக்கும் மூச்சோடு வரும் தூசியும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ள, மயிரிழைகள் ஓயாமல் அசைந்து அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். நமக்குத் தெரியாமலேயே அதை விழுங்கிவிடுகிறோம். இந்த ஏற்பாட்டால் சமாளிக்க முடியாத அளவுக்குச் சளி சேரும்போது, அல்லது குழாயின் சுவர் புண்பட்டு உறுத்தும்போது, இருமல் வருகிறது. ஆழமாக மூச்சை இழுத்து, குரல்வளையை மூடி, வயிற்றுத் தசையால் அழுத்தி, சட்டென்று திறந்துவிடுகிறோம். உள்ளே இருப்பது காற்றோடு வெளியே வருகிறது.

புகைபிடிப்பவர்கள் காலையில் எழுந்ததும் நெடுநேரம் இருமுவதற்கும் இதுவே காரணம். புகை அந்த மயிரிழைகளை முடக்கிவிடுகிறது. துடைப்பம் வேலை செய்யாத வீட்டில் குப்பை சேர்வதைப் போல் சளி சேர்கிறது. "சிகரெட்டை விட்ட பிறகுதான் இருமல் அதிகமாச்சு" என்று சிலர் குறைபட்டுக்கொண்டு மீண்டும் பற்ற வைப்பதுண்டு. மயிரிழைகள் மறுபடியும் உயிர்பெற்று வேலை தொடங்குவதால் சில வாரங்களுக்கு அப்படி இருக்கலாம். அது நல்ல அறிகுறி.

ஆகவே இருமலை அடக்குவது மட்டுமே மருத்துவம் என்று நினைப்பது தவறு. சளியோடு வரும் இருமலை முற்றாக அடக்கினால் வெளியே வர வேண்டியது உள்ளேயே தங்கிவிடும்.

பதினெட்டு நாள்

சாதாரணச் சளிக்காய்ச்சலோடு வரும் இருமல் எத்தனை நாள் இருக்கும்? ஒரு வாரம் என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்விலும் மக்கள் ஏழு முதல் ஒன்பது நாள் வரை என்றே சொன்னார்கள். ஆனால் முந்தைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டபோது சராசரி ஏறக்குறைய 18 நாள் என்று தெரிந்தது. காய்ச்சல் மூன்று நாளில் விடும், மூக்கொழுகல் ஒரு வாரத்தில் நிற்கும், இருமல் மட்டும் கடைசி விருந்தாளியைப் போல் தங்கிவிட்டுத்தான் போகும்.

இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பலர் எட்டாம் நாள் கிளினிக்கில் போய் நின்று, "டாக்டர், கொஞ்சம் ஸ்ட்ராங்கா மருந்து கொடுங்க" என்கிறார்கள். ஆண்டிபயோட்டிக் கிடைக்கிறது. பத்தாம் பதினைந்தாம் நாளில் இருமல் தானாகக் குறைகிறது. மாத்திரைதான் குணப்படுத்தியது என்ற நம்பிக்கை வீட்டில் நிலைத்துவிடுகிறது. சளிக்காய்ச்சலை உண்டாக்குவது வைரஸ். ஆண்டிபயோட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. பக்கத்து வீட்டுக்காரரின் மிச்ச மாத்திரையில் ஆபத்து இரண்டு மடங்கு. அவரும் முழுமையாகச் சாப்பிடவில்லை, வாங்கிக்கொள்பவரும் முழுமையாகச் சாப்பிடப் போவதில்லை.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் "இன்பெக்ஷன் முற்றிவிட்டது" என்று பயப்படுவதும் உண்டு. அந்த நிறம் கிருமியோடு போராட வந்த வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். சாதாரணச் சளிக்காய்ச்சலிலும் மூன்றாம் நாள், நான்காம் நாள் அப்படி வரும். நிறத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரத்தம் கலந்திருந்தால் அல்லது துரு நிறத்தில் இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

அஞ்சறைப் பெட்டியும் ஆராய்ச்சியும்

அப்படியென்றால் அந்தப் பதினெட்டு நாளும் சும்மா இருக்க வேண்டுமா? இல்லை. வீட்டு வைத்தியத்துக்கு உரிய காலம் அதுதான்.

முதலில் தேன். 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2 வயதுக்கு மேற்பட்ட 105 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. உறங்கப் போகும் முன் சிலருக்குத் தேனும், சிலருக்கு டெக்ஸ்ட்ரோமெத்தோர்பான் என்ற இருமல் அடக்கும் மருந்தும் தரப்பட்டன. மற்றவர்களுக்கு எதுவும் தரப்படவில்லை. இரவு இருமலைக் குறைத்ததில் பெற்றோர் அதிக மதிப்பெண் கொடுத்தது தேனுக்குத்தான். பாட்டிமார்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு தேக்கரண்டித் தேனை அப்படியே கொடுக்கலாம், இஞ்சிச் சாற்றிலும் கலந்து கொடுக்கலாம். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. நாக்கில் தடவுவதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து, நச்சை உண்டாக்கி, உடம்பைத் தளரச் செய்து மூச்சையே நிறுத்திவிடலாம். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து ஆடாதோடை. தோட்டப்புறங்களில் வேலியோரம் வளர்த்து, இருமலுக்கு இலையைக் கஷாயம் வைத்த குடும்பங்கள் உண்டு. மருந்துக் கடையில் சளியை இளக்குவதற்கென்று விற்கப்படும் புரோம்ஹெக்சின், இந்த ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்டதுதான். கஷாயத்தைக் கேலி செய்துவிட்டு மாத்திரையை விழுங்கும் பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். அதற்காக அளவில்லாமல் குடிக்கவும் கூடாது. கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும்.

அதிமதுரம் தொண்டைக்கு இதமானது. ஆனால் தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பின் பொட்டாசியத்தைக் குறைக்கும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நாள்கணக்கில் மென்றுகொண்டிருக்கக் கூடாது. கருப்பட்டிக் கஷாயமும், சீன மருந்துக் கடையில் வாங்கும் கெட்டியான பெய் பா கோ பாகும் இனிப்பு நிறைந்தவை. நீரிழிவுக்காரர்கள் "மருந்துதானே" என்று மூன்று வேளையும் குடித்தால், இருமல் போவதற்குள் சர்க்கரை ஏறிவிடும்.

இளஞ்சூடான உப்புநீரில் தொண்டையைக் கொப்பளிப்பது, சூடான ரசம், நிறைய தண்ணீர், படுக்கும்போது தலையைச் சற்று உயர்த்தி வைப்பது ஆகியவற்றில் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு இதம் தரும். பிள்ளைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் போர்வையால் மூடி உட்கார வைப்பது மட்டும் வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்து மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள்.

ஆரஞ்சு, வாழைப்பழம், தயிர் எல்லாம் "குளிர்ச்சி" என்று இருமும் பிள்ளைக்கு மறுப்பது நம் வழக்கம். இருமலை உண்டாக்கும் வைரஸ் வாழைப்பழத்தில் இல்லை. பசியில்லாமல் கிடக்கும் பிள்ளை எதைச் சாப்பிட விரும்புகிறதோ அதைக் கொடுப்பதே நல்லது. உண்மையில் இருமலை வளர்ப்பவை வேறு இருக்கின்றன. சன்னல் மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள், அடுக்குமாடி வீட்டுக்குள் சாம்பிராணி, வரவேற்பறையில் ஒருவர் பிடிக்கும் சிகரெட் அல்லது வேப். இவற்றோடு 1997, 2005, 2013, 2015, 2019 என்று நாம் மீண்டும் மீண்டும் கண்ட புகைமூட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட நாள்களில் ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

குழந்தையின் மூச்சை எண்ணுங்கள்

பெரியவர்களுக்கு நாள் கணக்கு என்றால், குழந்தைகளுக்கு மூச்சுக் கணக்கு. இதை ஒவ்வொரு தாயும் பாட்டியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, நெஞ்சும் வயிறும் எத்தனை முறை ஏறி இறங்குகின்றன என்று முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் எல்லை இது: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழந்தை பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ, எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நடு இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை சளியோ காய்ச்சலோ இல்லாமல் திடீரென்று இருமத் தொடங்கினால், கடலையோ பொம்மையின் சிறு துண்டோ மூச்சுக் குழாயில் போயிருக்கலாம். சற்று நேரத்தில் இருமல் நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடுத்தடுத்து இருமி முகம் சிவந்து, முடிவில் "ஊ..." என்று மூச்சை இழுத்து வாந்தி எடுத்தால் அது கக்குவான் இருமலாக இருக்கலாம். தடுப்பூசி போட்டு முடிக்காத கைக்குழந்தைக்கு அது உயிர் ஆபத்து.

குழந்தைக்குச் சளி என்றால் மூக்கில் எண்ணெய் விடுவது இன்னொரு பழைய வழக்கம். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி, நிமோனியாவைப் போன்ற கடுமையான பாதிப்பை உண்டாக்கும் என்பது தென்னிந்திய மருத்துவமனைகளில் பல முறை கண்டறியப்பட்ட உண்மை. மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே மூக்கடைப்புக்குப் போதும். கற்பூரம் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தேய்க்கக் கூடாது.

குளிர்பதனப் பெட்டியில் உள்ள புட்டி

அப்பா தேடிய அந்த மிச்சச் சிரப்புக்கு வருவோம். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இருமல், சளி மருந்துகளைத் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008இல் சொன்னது. பிரிட்டன் 2009இல் அந்த வயதை ஆறாக உயர்த்தியது. காரணம், அவை சின்னப் பிள்ளைகளுக்குப் பலன் தருகின்றன என்பதற்குச் சான்று மிகக் குறைவு. தூக்கக் கலக்கம், நெஞ்சுப் படபடப்பு, அளவு கூடினால் மூச்சுத் தளர்ச்சி போன்ற தீங்குகளோ உண்மையானவை. அண்ணனுக்குக் கொடுத்த மருந்தில் பாதி அளவைத் தம்பிக்குக் கொடுப்பது, தேநீர்க் கரண்டியில் குத்துமதிப்பாக ஊற்றுவது எல்லாம் இந்த வகையில் சேரும்.

இன்னொரு செய்தியையும் மறக்கக் கூடாது. 2022ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஏறக்குறைய 70 குழந்தைகளும், நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் சுமார் 200 குழந்தைகளும் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அவர்கள் குடித்த சிரப்புகளில் டைஎத்திலீன் கிளைக்கோல், எத்திலீன் கிளைக்கோல் என்ற நச்சு இரசாயனங்கள் கலந்திருந்தது காரணமாகக் கண்டறியப்பட்டது. 2025இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்திலும் அதே கொடுமை நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் தயாரான ஓர் இருமல் சிரப்பைக் குடித்த பிள்ளைகள் அங்கே இறந்தார்கள். இந்தியாவுக்குப் போய் வரும்போது "அந்த ஊர் மருந்து நல்லா கேக்கும்" என்று பையில் நான்கு புட்டி வாங்கி வருபவர்கள் இனி யோசிக்க வேண்டும். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் மேல் "எம்.ஏ.எல்." என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும். வாங்கும்போது அவற்றைப் பார்த்து வாங்கலாம்.

இருமலைக் கொடுக்கும் மாத்திரை

வறட்டு இருமல், சளி இல்லை, காய்ச்சல் இல்லை, இரண்டு மாதமாகியும் நிற்கவில்லை. எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கிறது. இப்படி வருபவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது, "இரத்த அழுத்தத்துக்கு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்பதாக இருக்கும். பெரிண்டோபிரில், எனலாபிரில் போன்று "பிரில்" என்று முடியும் மாத்திரைகள் நம் நாட்டில் பலருக்குத் தரப்படுகின்றன. இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மிக நல்ல மருந்துகள். ஆனால் சிலருக்கு அவை தொண்டையில் ஓயாத அரிப்பையும் இருமலையும் கொடுக்கும். மருந்து தொடங்கிய சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். எத்தனை புட்டி சிரப் குடித்தாலும் நிற்காது. மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் நின்றுவிடும். ஆனால் நோயாளி தாமாக நிறுத்தக் கூடாது. இருமல் நின்று பக்கவாதம் வந்த கதையாகிவிடும்.

படுத்ததும் வரும் இருமலுக்கு வயிற்றுப் புளிப்பு மேலே ஏறுவதும் காரணமாகலாம். இரவு பத்து மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கும் பழக்கத்தை விட்டுப் பார்க்கலாம். விடியற்காலையில் இளைப்போடு வருவது ஆஸ்துமாவாக இருக்கலாம். படுத்தால் மூச்சுத் திணறி, எழுந்து உட்கார்ந்தால் தணிந்து, காலும் வீங்கியிருந்தால் அது இருதயத்தின் எச்சரிக்கை. அதற்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டு வாரம் தாண்டினால்

மலாய்மொழியில் காசநோயைப் பேச்சு வழக்கில் "பத்துக் கெரிங்" என்பார்கள். வறட்டு இருமல் என்று பொருள். இந்தப் பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது. "எனக்குச் சளி வருதே, அப்புறம் எப்படி அது டீபியாகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. காசநோய் இருமல் வறட்டு இருமலாகவும் இருக்கலாம், சளியோடும் இருக்கலாம், இரத்தமே இல்லாமலும் இருக்கலாம். மாலையில் இலேசான காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, பசியின்மை, காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவை கூடவே வரலாம். எல்லாம் வர வேண்டும் என்பதில்லை.

காசநோய் பழைய காலத்துத் தோட்ட நோய், இப்போது இல்லை என்று எண்ணுவது பெரும் தவறு. மலேசியா 1961இலேயே தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனாலும் அண்மைய ஆண்டுகளில் 25,000 பேருக்கு மேல் இந்நோய் பதிவாகியிருக்கிறது. பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசி குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கிறது. பெரியவர்களின் நுரையீரலுக்கு அது உறுதியான காப்பு அன்று. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நீரிழிவு இல்லாத இந்தியக் குடும்பத்தை நம் நாட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும் என்பதால் இது நமக்குரிய செய்தி.

ஆகவே இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் பரிசோதனைக்குப் போக வேண்டும். சாதாரண இருமலே பதினெட்டு நாள் இருக்கும் என்று முன்னர் சொன்னதற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. முதல் கணக்கு, ஆண்டிபயோட்டிக் கேட்டு அவசரப்படாமல் இருப்பதற்கு. இரண்டாவது கணக்கு, சளியைச் சோதித்து நிம்மதி அடைவதற்கு. சோதனைக்குப் போகும் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது.

இருந்தாலும் இது முற்றிலும் குணமாகக்கூடிய நோய். மருந்துக்கு அடங்கும் காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள் என்று ஆறு மாதச் சிகிச்சை வழக்கமாகத் தரப்படுகிறது. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிச் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இருமல் நின்று, எடை ஏறி, "உடம்பு தேறிடுச்சே" என்று மூன்றாம் மாதம் மருந்தை நிறுத்துபவர்களால்தான் மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாகிறது. தட்டு, குவளை, துணி வழியாக இது பரவுவதில்லை. இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியை, காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் சேர்ந்திருப்பவர்கள் சுவாசிப்பதால் பரவுகிறது. நோயாளிக்குத் தனித் தட்டு வைத்துவிட்டு சன்னலை மூடி வைக்கும் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு.

பெண் பார்க்க வருபவர்களுக்குத் தெரிந்துவிடும், வேலையிடத்தில் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து மறைப்பதால், அதே வீட்டில் உள்ள பேரப்பிள்ளைக்குத்தான் முதலில் ஒட்டிக்கொள்கிறது. நோய் உறுதியானால் கூடவே வசிக்கும் எல்லாரையும், சிறப்பாக ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை, சோதித்துப் பார்ப்பார்கள். கிருமி உடம்பில் புகுந்து நோயாக மாறாமல் இருப்பவர்களுக்குத் தடுப்பு மருந்தும் உண்டு.

அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். போகும்போது இருமல் தொடங்கிய தேதி, சாப்பிட்டுவரும் எல்லா மருந்துகள், எடை குறைந்திருந்தால் எத்தனை கிலோ என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். சளியை எடுக்கச் சிறிய புட்டி ஒன்றைத் தருவார்கள். காலையில் எழுந்ததும், எதையும் சாப்பிடும் முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். வாயில் ஊறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் சோதனையில் ஒன்றும் தெரியாது. அதை எடுக்கும்போது பிள்ளைகள் இருக்கும் அறையை விட்டு, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று எடுக்கலாம்.